சோறு விளையாத நாடு

தூத்துக்குடியில் எங்கள் வீட்டு அடுக்களையில், புளிப்பானைக்குப் பக்கத்தில் ஒரு தகர டப்பா இருக்கும். திறந்தால் புகைவாசம் அடிக்கும். உள்ளே விறகுச் சிராய் போல நாலைந்து கறுத்த துண்டுகள் கிடக்கும். ஆச்சி அதில் ஒன்றை உரலில் போட்டு இடிப்பாள். தேங்காய்ப்பூவும் வற்றல் மிளகாயும் சின்ன வெங்காயமும் சேர்ந்தால் மாசிச் சம்பல். தாத்தா தோணித் தண்டல், தோணியை நடத்திச் செல்பவர். வாடைக் காற்றில் பாய் விரித்து மாலத்தீவுக்குப் போவார்; கச்சான் காற்று வலுக்குமுன் மாசியோடு திரும்புவார். "இது கருவாடு இல்லடே, அவங்களுக்கு இதுதான் நெல்லு" என்பார். அந்தப் பேச்சின் முழுப் பொருள், அந்த நாட்டின் வரலாற்றைப் படித்த பிறகே எனக்கு விளங்கியது.

மாலத்தீவில் ஏறக்குறைய 1,190 தீவுகள் இருக்கின்றன. அத்தனையும் பவளப்பாறையின் தலையில் படிந்த மணல். வடக்கே தொடங்கித் தெற்கே முடிய 800 கிலோமீட்டருக்கு மேல் நீளும் நாடு. நிலத்தைக் கூட்டினால் 300 சதுர கிலோமீட்டர்தான் தேறும். ஆறு இல்லை, மலை இல்லை. பெரும்பாலான இடம் கடல்மட்டத்துக்கு மேல் ஒன்றரை மீட்டர் உயரம்கூட இல்லை. தென்னை வளரும், நெல் வளராது. ஆனாலும் அந்த மக்களும் நம்மைப் போலவே சோறு தின்பவர்கள். அரிசி முழுவதும் கப்பலேறித்தான் வரவேண்டும். விலைக்கு என்ன கொடுப்பது? அந்நாட்டின் கதை இந்தக் கேள்வியைச் சுற்றியே ஓடுகிறது.

முதலில் அவர்கள் கொடுத்தது சோழி. தென்னை மட்டைகளைக் கடலில் மிதக்கவிட்டால் சோழிகள் ஏறி ஒட்டிக்கொள்ளும். மணலில் புதைத்து, உள்ளிருக்கும் சதை அழுகியபின் கழுவி எடுப்பார்கள். நாம் தாயம் விளையாடும் அதே சோழி வங்காளத்தில் கடைவீதிக் காசு. 14-ஆம் நூற்றாண்டில் மாலத்தீவில் தங்கிக் காஜியாகப் பணியாற்றிய பயணி இப்னு பதூதா கணக்கு எழுதியிருக்கிறார்: 4 லட்சம் சோழிக்கு ஒரு தங்க தினார், விலை சரிந்தால் 12 லட்சம். சோழியை வங்காளத்துக்குக் கொடுத்து அரிசி வாங்கினார்கள் என்றும் அவர் சொல்கிறார். அப்போது நாட்டை ஆண்டவர் கதீஜா என்ற பெண்ணரசி. பிற்காலத்தில் ஐரோப்பிய வணிகர்கள் இதே சோழியை மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோய் அடிமைகளை வாங்கினார்கள். சோறு தேடிப் பொறுக்கிய சோழி மனிதருக்கு விலையானது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது.

உலோக நாணயம் பரவியதும் சோழி செல்லாக்காசானது. அப்போதும் மாசி கைகொடுத்தது. அவர்கள் பேசும் திவேஹி மொழியில் 'மஸ்' என்றால் மீன். சூரை மீனை வலை போடாமல் தூண்டிலில் ஒவ்வொன்றாகப் பிடித்து, துண்டு போட்டு உப்புநீரில் அவித்து, புகையூட்டி, வெயிலில் கட்டையாகக் காயவைப்பார்கள். மாதக்கணக்கில் கெடாது. அதன் பெரிய சந்தை கொழும்பு. சிங்களவர், தமிழர் இரு வீட்டுச் சம்பலிலும் அதே மாசிதான்.

வெளியிலிருந்து வரும் சோற்றை நம்பிய நாட்டுக்கு அரசியலும் கடல் வழியாகவே வந்தது. ராஜராஜனின் கல்வெட்டுகள் சொல்லும் பன்னீராயிரம் பழந்தீவுகள் இவையே என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகிறார்கள். 1153-இல் மன்னர் இஸ்லாத்தைத் தழுவினார். 1558-இல் போர்ச்சுகீசியர் பிடித்தார்கள். 15 ஆண்டுகளில் முகம்மது தக்குருஃபானு அவர்களை விரட்டினார். 1887-இல் பிரிட்டனின் பாதுகாப்பில் வந்த நாடு, 1965-இல் விடுதலை பெற்று, 1968-இல் சுல்தான் ஆட்சியை நீக்கிக் குடியரசானது. பல கட்சிகள் போட்டியிட்ட முதல் அதிபர் தேர்தல் 2008-இல்தான் நடந்தது. இவற்றுக்கிடையே அம்மக்கள் மறக்காத காலம் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப்போரில் அரிசிக் கப்பல்கள் நின்றன. தீவுகளைப் பஞ்சம் பிடித்தது.

1970-களின் தொடக்கத்தில் மறுபடியும் ஓர் இடி. அந்நியச் செலாவணி நெருக்கடியில் சிக்கிய இலங்கை மாசி இறக்குமதியைக் குறைத்தது. அதே காலத்தில், 1972-இல், ஆளில்லாத ஒரு தீவில் முதல் சுற்றுலா விடுதி திறந்தார்கள். பெயர் குரும்பா. அவர்கள் மொழியில் இளந்தேங்காய், நம் குரும்பையேதான். இன்று பொருளாதாரத்தைத் தாங்குவது சுற்றுலா. சோழி, மாசி, சுற்றுலா என்று கொடுக்கும் பண்டம் மாறியது. வாங்குவது அன்றும் இன்றும் அரிசி.

தாத்தா ஏற்றிச் சென்ற சரக்கும் அரிசி, வெங்காயம், கட்டுமானப் பொருள்தான். தூத்துக்குடிப் பழைய துறைமுகத்திலிருந்து இப்போதும் மாலத்தீவுக்குத் தோணி போகிறது. பாய்க்குப் பதில் எஞ்சின். 1981-இல் இந்தியாவும் மாலத்தீவும் செய்துகொண்ட வணிக ஒப்பந்தத்தின்படி அரிசி, கோதுமை மாவு, சர்க்கரை, வெங்காயம், முட்டை ஆகியவை ஆண்டுதோறும் அளவு குறித்து அனுப்பப்படுகின்றன. நம் நாட்டில் ஏற்றுமதித் தடை இருக்கும் ஆண்டுகளிலும் அந்தப் பங்குக்கு விலக்கு உண்டு. அரசுகள் மாறலாம், உறவு கசக்கலாம். அந்தப் பங்கில் மட்டும் கை வைக்கக் கூடாது. சோறு விளையாத மண்ணில் வாழும் அயலாருக்கு அது உரிமை.