பதிவுசெய்த வாக்குமூலமும் பொய்யறிதலும்

ஒருவர் பேசியதை ஒலியாகவோ காணொளியாகவோ பதிந்து வைத்து, அதைப் பார்த்தோ கேட்டோ அவர் சொன்னது மெய்யா பொய்யா என்று கணிப்பது. காவல் விசாரணை, நீதிமன்றம், உளவியல் ஆய்வு மூன்றிலும் இது இடம்பெறுகிறது.

பொய்ச்சாட்சியைக் கண்டறிவது மனிதரால் ஆகாத காரியம் என்ற எண்ணம் தமிழில் பழையது. சிலப்பதிகாரப் புகாரில் பொய்க்கரி சொன்னவரைப் பிடிக்கப் பூதசதுக்கத்துப் பூதமே வரவேண்டியிருந்தது. ஆனால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்ற நம்பிக்கையும் அதே அளவுக்கு வேரூன்றியது. திருக்குறள் பொருட்பாலில் குறிப்பறிதலுக்கு ஓர் அதிகாரமே உண்டு. நஞ்சிட்டவனுக்கு வாய் உலரும், பேச்சு தடுமாறும், வியர்க்கும் என்று அர்த்தசாஸ்திரம் அடையாளம் சொல்கிறது. 'முழிக்கிற முழியே சரியில்லை' என்று இன்றும் ஊரில் தீர்ப்புச் சொல்கிறோம்.

அன்றைய சென்னை மாகாணத்தில் வாக்குமூலம் பெற நடந்த சித்திரவதைகளை 1855-இல் ஒரு விசாரணைக் குழு வெளிக்கொணர்ந்தது. காவலரிடம் தந்த ஒப்புதலைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்று 1872 சாட்சியச் சட்டம் வகுத்தது. சாட்சியின் முகத்தை நம்புவது மட்டும் சட்டத்தை விட்டுப் போகவில்லை. சாட்சி கூண்டில் எப்படி நடந்துகொண்டார் என்பதைக் குறித்து வைக்க 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 280-ஆம் பிரிவு நீதிபதிக்கு இடம் தந்தது.

அந்த நம்பிக்கையைக் காணொளிகள் சோதனைக்கு உட்படுத்தின. பால் எக்மனும் மொரீன் ஓ'சல்லிவனும் 1991-இல் வெளியிட்ட ஆய்வில் பதிவுகளைப் பார்த்த நீதிபதிகள், காவலர்கள், மனநல மருத்துவர்கள் எல்லோரும் ஏறக்குறைய பூவா தலையா போட்ட அளவுக்கே சரியாகச் சொன்னார்கள். அமெரிக்க ரகசியச் சேவையினர் மட்டும் 64 விழுக்காட்டை எட்டினார்கள். ரிச்சர்ட் வைஸ்மன் 1995-இல் வெளியிட்ட சோதனை இன்னும் தெளிவானது. பிடித்த படம் எது என்று ஒரே மனிதர் ஒருமுறை மெய்யும் ஒருமுறை பொய்யும் சொன்னார். வானொலியில் கேட்டவர்களில் 73 விழுக்காட்டினர் பொய்யைப் பிடித்தார்கள். செய்தித்தாளில் படித்தவர்களில் 64. தொலைக்காட்சியில் முகம் பார்த்தவர்களிலோ 52 மட்டுமே. முகம் பார்த்தவர்கள்தான் அதிகம் ஏமாந்தார்கள்.

சார்லஸ் பாண்டும் பெல்லா டிபாலோவும் 2006-இல் இருபத்து நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரின் கணிப்புகளைத் தொகுத்தபோது கிடைத்த சராசரி 54 விழுக்காடு. அதே ஆண்டு வெளியான, 75 நாடுகளை உள்ளடக்கிய ஆய்வில், பொய்யருக்கு அடையாளமாக மக்கள் முதலில் சொன்னது கண்ணைப் பார்க்க மாட்டார் என்பது. நம் கிராமத்துக்கு இந்த அளவுகோல் பெரும் அநீதி. காவல் நிலையத்தில் துண்டை இடுப்பில் கட்டித் தலை குனிந்து நிற்கும் கூலித்தொழிலாளி மரியாதையால் கண்ணைத் தாழ்த்துகிறார், பயத்தால் திக்குகிறார். பதிவைப் பார்ப்பவருக்கு அது திருட்டு முழியாகத் தெரிகிறது.

பிரிட்டனின் கென்ட் மாவட்டத்தில் உண்மையான விசாரணைப் பதிவுகளைக் கொண்டு 2004-இல் வெளியான ஆய்வில் 99 காவலர்கள் சுமார் 65 விழுக்காடு சரியாகக் கணித்தனர். அவர்களிலும் கண்ணையும் உடலசைவையும் நம்பியவர்கள் தவறினார்கள், சொன்ன கதையின் முரண்களைக் கவனித்தவர்கள் தேறினார்கள்.

இந்தியாவில் பொய்யறியும் கருவிகள் வேறு வழியில் நுழைந்தன. உண்மை கண்டறியும் சோதனை, நார்கோ சோதனை, மூளை வரைவுச் சோதனை மூன்றையும் ஒருவரின் சம்மதமின்றி நடத்தக் கூடாது என்று செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 2010 மே 5 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பதிவின் வலிமை எங்கே இருக்கிறது என்பதைச் சாத்தான்குளம் காட்டியது. 2020 ஜூனில் அங்கே காவலில் தாக்கப்பட்டு ஒரு தந்தையும் மகனும் இறந்தார்கள். அவர்கள் கடை வாசலில் தரையில் புரண்டு காயப்படுத்திக்கொண்டார்கள் என்றது முதல் தகவல் அறிக்கை. தெருவிலிருந்த சிசிடிவி காட்சியில் அப்படி எதுவும் இல்லை. யார் முகத்தையும் படிக்காமல், எழுதியதைக் காட்சியோடு ஒத்துப் பார்த்ததிலேயே பொய் வெளிப்பட்டது. காவல் நிலையக் கேமராப் பதிவுகளோ தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர் பதிவு செய்தார். அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று, நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியும் காட்சியும் பதியும் கேமராக்களைப் பொருத்தி, பதிவுகளை 18 மாதம் பாதுகாக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.