எல்லையில் பறந்த வெள்ளி

2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை, லடாக்கில் சீன எல்லையை ஒட்டி வானில் மர்ம வெளிச்சம் பார்த்ததாக நம் ராணுவத்தினர் 329 முறை பதிவு செய்தார்கள். ஒன்று மாலை ஆறு மணி வாக்கில், இன்னொன்று விடிகாலை நாலு மணி வாக்கில். அதில் 155 தடவை எல்லைக்கோட்டைத் தாண்டி நம் பக்கம் வந்ததாம். சீனாவின் ஆளில்லா உளவு விமானம் என்று சந்தேகம்.

கடைசியில் பெங்களூர் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தைக் கூப்பிட்டார்கள். நம்ம காவலூர் தொலைநோக்கியை நடத்துகிறார்களே, அவர்கள்தான். லடாக்கில் ஹான்லேயிலும் அவர்களுக்கு ஒரு தொலைநோக்கி உண்டு. எத்தனை மணிக்கு, அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் தெரிந்தது என்ற கணக்கை வைத்துக்கொண்டு ஆளைப் பிடித்துவிட்டார்கள். மாலையில் வந்தது வியாழன். விடிகாலையில் வந்தது வெள்ளி, நம் பாட்டிமார் மணி பார்த்த அதே விடிவெள்ளி! (வவுச்சர் இல்லாமல் எந்தக் கணக்கும் நேராகாது என்பது எங்கள் வங்கிக்காரர் புத்தி.)

சிரிக்காதீர்கள். நாலாயிரம் மீட்டருக்கு மேலே காற்று மெலிசு, தூசி இல்லை, ஊர் விளக்கும் இல்லை. மலை முகட்டை ஒட்டித் தெரியும் கிரகம் அங்கே கண்ணைப் பறிக்கும். ரயிலில் போகும்போது நிலா நம் கூடவே வருகிறதே, அந்த மாதிரி இதுவும் ரோந்து போகிறவன் கூடவே வரும்.

எனக்குப் பெரிதாகப் படுவது, அவர்கள் சுடாமல் எழுதி வைத்தார்கள் என்பதுதான். அந்தப் பதிவுகள் முடிந்து இரண்டே மாதத்தில், 2013 ஏப்ரலில், தெப்சாங்கில் சீனப் படை கூடாரம் அடித்து மூன்று வாரம் நகர மறுத்தது.