கிழமையும் கிழவனும்

ஆறாம் வேற்றுமையைக் கற்பிக்கையில் தற்கிழமை, பிறிதின்கிழமை என்கிறோம். கிழமை என்றால் உரிமை என்று விளக்கியதும் பின்வாங்கிலிருந்து யாராவது ஒரு மாணவன் கேட்பது வழக்கம்: "அப்படியென்றால் கிழவன்?" வகுப்பு சிரிக்கும். கேள்வியோ சிரித்துத் தள்ளத்தக்கதன்று.

கிழவன் என்பதற்கு உரியவன் என்பதே பழம்பொருள். தொல்காப்பியர் காதல் தலைவனையும் தலைவியையும் கிழவன், கிழத்தி என்கிறார், அவர்கள் நரைத்தவர்களல்லர். திருமுருகாற்றுப்படை, என்றும் இளையவனான முருகனையே மலைக்குக் கிழவோன் ஆக்குகிறது. ஞாயிற்றுக்கிழமை என்பது ஞாயிறுக்கு உரிய நாள். முதுமையைக் குறிக்க மூப்பு என்ற வேறு சொல் இருந்தது. இளிவரல் என்னும் மெய்ப்பாடு பிறக்கும் களங்கள் நான்கனுள் தொல்காப்பியர் முதலில் நிறுத்துவது அந்த மூப்பைத்தான். முதியோரைப் போற்றிய பொற்காலம் என்று மேடைகளில் முழங்குவோர் இச்சூத்திரத்தை ஏனோ மறந்துவிடுகின்றனர்.

உரிமைச்சொல் எவ்வாறு மூப்புச்சொல்லாயிற்று? நிலம் வீட்டின் மூத்தவன் கையில் இருந்தமையால் உடையவனும் முதியவனும் ஒருவனாகத் தோன்றினர் என்றே நாம் கருதுகிறோம். 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையைப் பாருங்கள். பெற்றோர் வாழுமளவும் ஆண்மக்கள் எதையும் உரிமைகோர முடியாது. மணமாகுமுன் அவர்கள் தேடியதும் குடும்பப் பொதுச்சொத்தையே சேரும். பரம்பரைச் சொத்துக்கு அதில் வழங்கும் பெயர் முதுசொம்.

ஆனால் வீடும் காணியும் பெண்மக்களுக்குச் சீதனமாக எழுதப்பட்ட பின்னர்? நேற்றுவரை 'ஐயா' எனப்பட்டவர் திண்ணை மூலையில் 'கிழடு' ஆகிறார். உரிமை கைமாறியது, சொல்லில் வயது மட்டும் எஞ்சியது.

காணியே இல்லாதவன் கதை வேறு. அதே தேசவழமை அடிமைகளைப் பற்றியும் விதிசெய்தது. இலங்கையில் அடிமைமுறை 1844இல் சட்டத்தால் ஒழிந்தது. அதன் பின்னரும் நெடுங்காலம், துலா மிதித்து நீரிறைத்த நரைத்த கூலியாளைக் காணிக்காரரின் சிறுபிள்ளை பெயர் சொல்லி 'நீ' என்றழைத்தது. முதுமை அங்கும் இருந்தது, உடைமை இல்லை. ஆதலால் மரியாதைப் பன்மையும் இல்லை.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் முதியோர் உரிமைகளைப் பாதுகாக்க வந்தது. முதுமையும் உரிமையும் அதன் பெயரில் மீண்டும் சேர்ந்து நிற்கின்றன, இம்முறை காணி உறுதி கேளாமல். தம்மைத் தாமே பராமரிக்க இயலாத முதியவர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கோரிச் சபையொன்றின்முன் விண்ணப்பிக்கலாம். பிள்ளையும் அன்றாடக் கூலியாளாயின் அவர் யாரிடம் கோருவார்?