ஒரு மருத்துவக் கப்பலின் தபால் வரலாறு

வரலாறு என்றவுடன் மன்னர்தம் கல்வெட்டுகளும் செப்பேடுகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. எளிய மக்களின் வரலாறோ பெரும்பாலும் அவர்கள் எழுதிய கடிதங்களில் தங்கியிருக்கிறது. சில வேளைகளில் கடிதத்தினும் அதன் உறையே மிகுதியாகப் பேசும். 'சோலேஸ்' என்னும் அமெரிக்கக் கடற்படை மருத்துவக் கப்பலின் தபால் வரலாறு இதற்கு நல்ல சான்றாகும்.

1927இல் 'இரோக்வாய்' என்ற பெயருடன் பயணிகள் கப்பலாகக் கட்டப்பெற்ற இது, 1940இல் கடற்படையின் கைக்கு வந்தது. 'ஆறுதல்' எனப் பொருள்படும் புதுப்பெயர் பூண்டு, 1941 ஆகஸ்டு 9ஆம் நாள் மருத்துவக் கப்பலாகப் பணியேற்றது. நான்கு திங்கள் நிறையுமுன், டிசம்பர் 7ஆம் நாள், ஹவாயில் உள்ள பேர்ல் துறைமுகத்தை ஜப்பானிய விமானங்கள் தாக்கின. அன்று சோலேஸ் அத்துறைமுகத்திலேயே நின்றிருந்தது. அதன் படகுகள், தீப்பற்றி எரிந்த 'அரிசோனா' போர்க்கப்பலை அணுகிக் காயமுற்றோரை மீட்டு வந்தன.

அமெரிக்கப் போர்க்கப்பல்களில் தபால் நிலையங்கள் அமைய வழிவகுத்தது 1908ஆம் ஆண்டுச் சட்டமாகும். கடற்படையினர் ஒருவரே தபால் எழுத்தராகப் பணிபுரிவார். அமைதிக் காலத்தில் முத்திரையில் கப்பலின் பெயர் விளங்கும். பல வேளைகளில் அது தங்கிய துறைமுகத்தின் பெயரும் இருக்கும். போர் வந்ததும் முத்திரை ஊமையாயிற்று. கப்பலின் பெயரும் இடத்தின் பெயரும் நீங்கி, 'அமெரிக்கக் கடற்படை' என்பதும் தேதியுமே எஞ்சின. அருகே தணிக்கை அதிகாரியின் முத்திரையும் விழுந்தது.

இங்கே ஒரு விந்தையைக் காண்கிறோம். 1907ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையின்படி அன்று மருத்துவக் கப்பலுக்கு வெள்ளை வண்ணமும் பச்சைப் பட்டையும் உரியனவாய் இருந்தன. செஞ்சிலுவைக் கொடியும் பறக்கவேண்டும். இரவில் அச்சின்னங்கள் மீது விளக்கொளி பாய்ச்சுவர். பகைவனும் கண்டு விலகவேண்டும் என்று ஒளிவீசி நின்ற கப்பலில் இருந்தோர், தாம் இருக்குமிடத்தை வீட்டாருக்கு எழுத இயலவில்லை! மருத்துவக் கப்பல் காத்திருக்கும் திசையைக் கொண்டே அடுத்த போர்க்களத்தைப் பகைவன் ஊகித்துவிடக் கூடுமன்றோ?

1942 மார்ச்சு 27ஆம் நாள் நிறைவேறிய சட்டம், படையினரின் சாதாரணக் கடிதங்களுக்குத் தபால் கட்டணத்தை நீக்கியது. தலை ஒட்டும் மூலையில் 'இலவசம்' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லை எழுதினாற் போதும். ஆகவே அவ்வுறைகள் பலவற்றில் தபால்தலையும் இல்லை.

அங்ஙனமாயின், அவ்வுறை சோலேஸ் கப்பலிலிருந்து வந்தது என்பதை எவ்வாறு அறிகிறோம்? இடப்புற மூலையில் அனுப்புநர் தம் கையால் எழுதிய முகவரியால் அறிகிறோம். பெயர், பதவி, கப்பல், அதன்கீழ் 'கடற்படைத் தபால் நிலையம், சான்பிரான்சிஸ்கோ' என்பன அதில் இருக்கும். இம்முகவரியையும் முத்திரையின் தேதியையும் கப்பலின் பயணக் குறிப்போடு ஒப்பிட்டால், மறைக்கப்பட்ட இடம் வெளிப்படும். 1945 பிப்ரவரி இறுதித் தேதி இருப்பின், எழுதியவர் இவோஜிமாப் போரில் காயமுற்றோரின் நடுவே இருந்தவர் என்று உணரலாம். மகன் நோயாளியாய்ச் சேர்ந்திருந்தால், அந்த முகவரியே தாய்க்கு இரு செய்திகளை உரைத்திருக்கும்: அவன் நலமாக இல்லை, ஆயினும் உயிரோடு இருக்கிறான்.

போர் முடிந்தபின் 1946இல் சோலேஸ் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டது. 1948இல் துருக்கி நாட்டுக்கு விற்கப்பெற்று, 'அங்காரா' என்னும் பெயருடன் மீண்டும் பயணிகளைச் சுமந்தது, 1981இல் உடைக்கப்பட்டது. கப்பல் மறைந்தது, உறைகள் நிலைத்தன.

பிறந்த ஊரைவிட்டு வந்து வாழும் நம் இல்லங்களிலும் பெற்றோர் எழுதிய பழங்கடிதங்கள் உண்டு. உள்ளிருக்கும் தாளைப் பேணி, உறையைக் கிழித்தெறிவது நம்மிற் பலர் வழக்கம். எந்த ஊர்த் தபால் நிலையத்தில், எந்நாளில் அது புறப்பட்டது, நாம் அன்று எத்தெருவில் குடியிருந்தோம் என்பனவற்றைச் சொல்வது அவ்வுறையே. அதனையும் சேர்த்தே காப்போமாக. நம் பேரப்பிள்ளைகள் நம் குடிபெயர்ந்த வரலாற்றை அதிலிருந்து படித்தறிவர்.