ஊசியும் உறைந்த கருவும்

புக்கிட் செந்தோசாவிலும் சுற்றுத் தோட்டங்களிலும் பிள்ளையில்லாத வீட்டில் பழி பெண்ணின் தலையில்தான் விழுகிறது. ஹார்மோன் ஊசி என்றாலே அஞ்சுவோரும் நம்மிடையே உண்டு. அந்த ஊசியின் கதையில் கல்கத்தாவுக்கும் பங்குண்டு.

1978 ஜூலை 25-ல் இங்கிலாந்தில் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது. ஸ்டெப்டோவும் எட்வர்ட்ஸும் ஹார்மோனைக் கைவிட்டு, இயல்பாக முதிரும் ஒரே முட்டைக்குக் காத்திருந்தனர். ஊசியால் முட்டைகள் பெருகினாலும் கருப்பையின் பக்குவம் குலைகிறது என்பது அவர்கள் எண்ணம்.

டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் வேறு வழி கண்டார். மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து (ஆம், சிறுநீர்தான்!) பிரித்தெடுத்த ஹார்மோனைச் செலுத்திப் பல முட்டைகளை வளர்த்தார். கருவை உறைய வைத்து, ஊசியின் வேகம் தணிந்த பிந்திய மாதமொன்றில் கருப்பையில் சேர்த்தார். அக்டோபர் 3-ல் பெண் குழந்தை பிறந்தது. இவ்விரு முறைகளும் இன்று உலகெங்கும் வழக்கம்.

அன்றோ, மேற்கு வங்க அரசு விசாரணைக் குழு வைத்தது. அதன் தலைவர் வானொலி அலைகளை ஆராயும் இயற்பியலாளர்! குழு நம்ப மறுத்தது. ஜப்பான் சென்று விளக்கவும் அனுமதி கிடைக்கவில்லை. கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றப்பட்ட அவர், 1981 ஜூன் 19-ல் உயிரை மாய்த்துக்கொண்டார்.

1986-ல் பம்பாயில் பிறந்த குழந்தையால் 'இந்தியாவில் முதல்வர்' எனப் புகழ்பெற்றவர் அறிவியலாளர் ஆனந்தகுமார். முகோபாத்யாயின் குறிப்புகளைப் படித்தபின், 1997-ல் அவரே அந்த முதலிடம் முகோபாத்யாயுக்கு உரியது என அறிவித்தார்.