நூலைக் காப்பதும் உழவாரப்பணிதான்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாப் படிச்சுட்டு உங்க கருத்தைச் சொல்லுங்க.

போன ஞாயிற்றுக்கிழமை நம்ம கோயில் சாமான் அறையைச் சுத்தம் பண்ணினோம். இரும்பு அலமாரியில ரெண்டு பெட்டி நிறைய பழைய பாட்டுப் புத்தகம் இருந்துச்சு. தேவாரத் திரட்டு, திருப்புகழ், கந்தர் அநுபூதி, கந்த சஷ்டி கவசம். எல்லாம் மெல்லிய அட்டைப் புத்தகங்கள். கையில எடுத்தா பக்கம் பக்கமா உதிருது. "மரியாதையா கடல்ல விட்டுடலாம், புதுசு வாங்கிக்கலாம்"னு நிறைய பேர் சொன்னாங்க. அவங்க எண்ணத்துல தப்பு இல்லை. நான்தான் சரஸ்வதி பூஜை வரைக்கும் தவணை கேட்டேன். ஏன் கேட்டேன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. நான் எஸ்.பி.எம். வரைக்கும்தான் படிச்சவன். பாயான் லெப்பாஸ்ல தொழிற்சாலை மேற்பார்வையாளர் வேலை. படிச்சதையும் பெரியவங்க சொல்லக் கேட்டதையும் எழுதுறேன்.

முதல்ல சிதம்பரம் கதை. நம்மில் பல பேருக்குத் தெரிஞ்சதுதான். மூவர் பாடிய தேவார ஏடுகள் சிதம்பரம் கோயிலில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன. ராஜராஜ சோழ மன்னரும் நம்பியாண்டார் நம்பியும் போய்க் கதவைத் திறந்தபோது, ஏடுகளைப் புற்று மூடியிருந்தது. எண்ணெய் ஊற்றிப் புற்றைக் கரைத்து எடுத்ததில் மிஞ்சியது கொஞ்சம்தான் என்று திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. சம்பந்தர் மட்டும் 16,000 பதிகம் பாடினார் என்பது மரபு. இன்று மூவர் தேவாரமும் சேர்த்து நம் கையில் இருப்பது ஏறத்தாழ 800 பதிகங்கள்தான்.

இந்தக் கதையில இருந்து நான் எடுத்துக்கிட்ட பாடம் ஒன்னுதான். பூட்டி வைச்சா மட்டும் நூல் நிலைக்காது. எடுத்துப் படிக்கணும், பழுது பார்க்கணும், மறுபடியும் கட்டி வைக்கணும்.

பனையோலைக்கு ஆயுசு சில நூறு வருஷம்தான். அதனால் ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து பழைய ஏட்டைப் பார்த்துப் புது ஏட்டில் எழுதினார். ஓலையில் துளை போட்டு, கயிறு கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டினார்கள். அதனால்தான் சுவடிக் 'கட்டு' என்கிறோம். நூல் என்றால் தையல் நூலும் உண்டு, படிக்கிற நூலும் உண்டு. தமிழில் ரெண்டுக்கும் ஒரே பேர்.

பிறகு அச்சு வந்தது. ஆறுமுக நாவலர் 1849இல் சென்னையிலிருந்து அச்சு இயந்திரம் வாங்கிப்போய் யாழ்ப்பாணத்தில் சைவ நூல்களை அச்சிட்டார். நாம பாடுற திருப்புகழும் அப்படிக் கிடைத்ததுதான். நீதிமன்ற வேலையில் இருந்த வ. த. சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராகப் போய் ஏடு தேடி எடுத்து, 1894இல் முதல் பாகத்தை அச்சிட்டார். அதே 1894இல்தான் தைப்பூச வெள்ளி ரதமும் கப்பலில் பினாங்குக்கு வந்து சேர்ந்தது. ரதத்தை வருஷா வருஷம் துடைச்சு, பழுது பார்த்து, இன்னைக்கும் இழுக்கிறோம். பாட்டுப் புத்தகத்தை மட்டும் ஏன் உதிர விடுறோம்?

உதிர்வதற்கும் ஒரு வரலாறு இருக்கு. பழைய புத்தகத்தில் பெரிய தாளை மடித்து, மடிப்பின் நடுவே ஊசி நூலால் தைப்பார்கள். ஒரு தாள் இன்னொரு தாளைப் பிடித்துக்கொள்ளும். 1836இல் லண்டனில் வில்லியம் ஹான்காக் என்பவர் தையலே வேண்டாம் என்று ஒரு முறைக்குக் காப்புரிமை வாங்கினார். முதுகுப் பக்க மடிப்பை வெட்டிவிட்டு, தனித்தனித் தாளாக்கி, ரப்பர் கரைசல் பூசி ஒட்டுவது. நம்ம தோட்டத்து ரப்பர் இல்லை அது. இந்த நாட்டுக்கு ரப்பர் கன்று வந்ததே 1877இல்தான். பார்க்க அழகாக இருந்தது, விலையும் குறைவு. ஆனால் வருஷம் போகப் போக ரப்பர் காய்ந்து, பக்கம் எல்லாம் கொட்டியது.

இப்போதைய மெல்லிய அட்டைப் புத்தகமும் அதே வழிதான். ரப்பருக்குப் பதில் சூடாக்கி ஊற்றும் பசை. தொழிற்சாலையில அந்த மாதிரிப் பசையைப் பார்த்தவன் நான். சில வினாடியில இறுகிடும், வேலை வேகமா ஓடும். பழசாகப் பழசாக மொறுமொறுன்னு ஆகி, புத்தகத்தை அகலத் திறந்தா முதுகு வெடிச்சிடும். சின்னக் கவசப் புத்தகங்களுக்கு வேற வியாதி. நடுவுல அடிச்ச கம்பிப் பின் நம்ம கடல் காத்துல துருப்பிடிச்சு, தாளையும் சேர்த்துத் தின்னுடுது.

இதுக்கு மருந்தும் இருக்கு. 1930களில் ஜெர்மனியில் எமில் லும்பெக் என்பவர் ஒரு முறையைக் கொண்டுவந்தார். இன்றைக்கும் உலகம் முழுக்கக் கையால் செய்கிறார்கள். பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, தாள்களைத் தட்டி நேராக்கி, ரெண்டு பலகைக்கு நடுவே இறுக்க வேண்டும். முதுகுப் பக்கத்தை ஒரு பக்கமாக விசிறி போலச் சாய்த்து வெள்ளைப் பசை தடவணும், அடுத்து மறுபக்கம் சாய்த்துத் தடவணும். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் பசை மெல்லிசா ஏறிவிடும். மேலே மெல்லிய பருத்தித் துணி ஒட்டி, ஒரு ராத்திரி பாரம் வைத்தால் போதும். வெள்ளைப் பசை காய்ந்தாலும் வளைந்து கொடுக்கும்.

கவசப் புத்தகத்துக்கு இன்னும் சுலபம். துருப்பின்னைக் கழற்றிவிட்டு, மடிப்பில் மூன்று துளை போட்டுப் பருத்தி நூலால் தைத்துவிடலாம். மடிப்பே கிழிந்திருந்தால் மெல்லிய தாளை மைதாப் பசையில் ஒட்டிவிட்டுத் தைக்கணும். தயவுசெய்து செலோடேப் மட்டும் ஒட்டாதீங்க. மஞ்சளாகி, அதன் பசை எழுத்து மேல இறங்கிடும். ஓரத்தில் ஸ்டேப்ளர் அடிப்பதும் வேண்டாம். புத்தகம் விரிந்து நிற்காது. கையில் தாளம் பிடிச்சுப் பாடுறவங்க எப்படிப் பக்கத்தைப் பிடிச்சுக்கிட்டு நிற்பாங்க?

எல்லாத்தையும் காப்பாத்திடலாம்னு நான் சொல்லவில்லை. மலிவான தாளில் அமிலம் சேர்ந்து அதுவே பழுத்துப்போகும். மூலையை மடிச்சா ஒடிஞ்சு விழுந்தா, பசை போட்டும் பயன் இல்லை. அந்தப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைச்சுட்டு, அப்புறம் கடல்ல விடலாம்.

பழசு எதுக்குன்னு கேட்கிறவங்களுக்கு ஒரு உதாரணம். காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூர். அங்கே விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர் ரோஜா முத்தையா. மற்றவர்கள் குப்பை என்று நினைத்த பழைய புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ் எல்லாவற்றையும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். 1992இல் அவர் காலமான பிறகு அந்தச் சேகரிப்பை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994இல் அதை வைத்தே சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. இன்று தமிழ் ஆராய்ச்சிக்கு உலகம் தேடிப் போகும் இடம் அது.

நம்ம பெட்டியிலயும் அப்படி ஒன்னு கிடைச்சது. ஒரு தேவாரத் திரட்டில் ஒவ்வொரு பதிகத்துக்குப் பக்கத்திலும் பென்சிலில் பண் பேரும், எந்த உபயத்தில் பாடினார்கள் என்பதும் எழுதியிருக்கு. எழுத்தைப் பார்த்ததும் கண்டுபிடிச்சுட்டேன். எனக்கும் இன்னும் பல பேருக்கும் சின்ன வயசுல இங்கே தேவாரம் சொல்லிக்கொடுத்த ஐயா எழுத்து. அவர் காலமாகிப் பல வருஷம் ஆச்சு. இந்தக் கோயில்ல எந்த நாளில் எந்தப் பதிகம் பாடினோம் என்பதற்கு அந்தப் பென்சில் எழுத்தைத் தவிர வேறு பதிவு இல்லை. அது கடலுக்குப் போயிருந்தா நாமே நம்ம சிதம்பரம் அறையைப் பூட்டின மாதிரி.

அப்பர் பெருமான் கையில் உழவாரம் ஏந்திக் கோயில் பிரகாரத்தில் புல் செதுக்கினார். நாம இன்னைக்குத் தரை கழுவுறோம், விளக்கு தேய்க்கிறோம். அவர் பாடின பாட்டு இருக்கிற புத்தகத்தைத் தைப்பதும் அதே பணிதான்.

வர்ற ஞாயிறு காலைப் பூஜை முடிஞ்சதும் மண்டபத்தில் உட்காரப் போறோம். பலகை, பசை, துணி எல்லாம் நான் கொண்டு வர்றேன். ஊசி பிடிக்கத் தெரிஞ்ச அம்மாமார்கள், அக்காமார்கள் வந்தா பெரிய உதவி. பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க. வீட்டில் தாத்தா பாட்டி வைத்திருந்த பாட்டுப் புத்தகம் உதிர்ந்து கிடந்தா அதையும் எடுத்து வாங்க, சேர்த்தே கட்டிடலாம். சரஸ்வதி பூஜை அன்னைக்கு அம்பாள் முன்னால முழுப் புத்தகமா அடுக்கி வைப்போம். மறுநாள் எடுத்து, ஐயா குறிச்சு வைச்ச பதிகத்தையே பாடுவோம்.

திருச்சிற்றம்பலம்.