மூக்குக்கல்

மூக்கின் உட்குழியில் சுண்ண உப்புகள் படிந்து இறுகி உருவாகும் கல். அரிதாக, கன்னப் பகுதியில் மேல்தாடை எலும்புக்குள் இருக்கும் சைனஸ் அறையிலும் இது தோன்றும். பெரும்பாலும் ஏதேனும் ஒரு கரு இதற்கு வேண்டும். சிறுவயதில் விளையாட்டாக நுழைத்துக்கொண்ட மணி, பொத்தான், பழக்கொட்டை ஆகியவை வெளியிலிருந்து வரும் கருக்கள். உறைந்த ரத்தம், இறுகிய சளி, இடம் தவறி முளைத்த பல் ஆகியவை உடலே தருபவை. கருவைச் சுற்றிய சவ்வு புண்ணாகி நீர் கசிய, அதிலுள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள் அடுக்கடுக்காகப் படிகின்றன. கல் வளர ஆண்டுகள் ஆகும். நாற்பது வயதில் மருத்துவரிடம் வருபவருக்கு நான்கு வயதுக் குறும்பு நினைவிருப்பதில்லை; எதையும் போட்டுக்கொள்ளவில்லை என்று அவர் சாதிப்பதில் பொய்யில்லை.

டென்மார்க்கின் உடற்கூற்றியல் அறிஞர் தாமஸ் பார்த்தோலின் 1654இல், செர்ரிக் கொட்டையைச் சுற்றி வளர்ந்த கல் ஒன்றைப் பதிவுசெய்தார். மருத்துவ நூல்கள் முதற்பதிவாகக் காட்டுவது இதையே. கல் எதனால் ஆனது என்ற வேதிப் பகுப்பாய்வு 1829இல்தான் வந்தது. ஆக்ஸ்மன் என்பவர் அதைச் செய்தார்.

நோயாளியின் மூக்கில் கல்லைக் கண்டறிவதும் நெடுங்காலம் கடினமாக இருந்தது; காரணம் எளிது: மூக்கின் உள்ளே பார்க்க வழியில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஒளியை உள்ளே திருப்பும் கண்ணாடி வந்தது. சலாகையால் தொட்டால் கரகரவென்று தட்டுப்படுவதே அன்றைய உறுதியான அடையாளம். 1884இல் கோகெய்ன் மரத்துப்போகச் செய்யும் மருந்தாகக் கண்சிகிச்சையில் அறிமுகமாகி, விரைவிலேயே மூக்குக்கும் பயன்பட்டது. 1895இல் எக்ஸ்ரே கண்டறியப்பட்டதும் கல் நிழலாகத் தெரிந்தது. கன்ன அறைக் கல்லுக்கு, மேலுதட்டின் உட்புறம் கீறி எலும்பைத் திறக்கும் கால்ட்வெல்–லூக் முறை 1890களில் பிறந்தது. 1943இல், மூக்குக்கல் பற்றி அதுவரை அச்சேறிய நோயாளர் குறிப்புகளை சி. ஜே. போல்சன் என்பவர் திரட்டி ஆராய்ந்தார்.

ஒரு பக்க மூக்கடைப்பு, அதே பக்கத்தில் நாற்றமடிக்கும் சீழ், சில வேளை ரத்தம்: அறிகுறிகள் இவ்வளவே. நாள்பட்ட சைனஸ் அழற்சி என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் மாத்திரை தருவதற்கு இதுவே இடம்கொடுக்கிறது. உண்மையில், ‘ஒரு பக்கம்’ என்பதொன்றே உள்ளே பார்க்கச் சொல்லும் போதிய காரணம். கவனிக்காமல் விட்ட கல் மூக்கின் நடுச்சுவரையும், அரிதாக அண்ணத்தையும் துளைத்துவிடும்.

இன்று எண்டோஸ்கோப்பும் சி.டி. ஸ்கேனும் ஐயத்தைத் தீர்க்கின்றன. எம்.ஆர்.ஐ. இங்கே அவ்வளவு உதவாது; அதில் கல்லும் காற்றைப்போல் கறுப்பாகவே தெரியக்கூடும். சிறிய கல்லை மூக்குத்துளை வழியாகவே எடுப்பர். பெரியதை மயக்கத்தில் உள்ளேயே உடைத்துத் துண்டுகளாக எடுப்பர். கருவோடு முழுதும் அகற்றப்பட்ட கல் மறுபடி உருவாவது அரிது.